வொர்க்கி புரதக் குடும்பத்தைத் துணைக்குழு பிரித்தல்: ஐந்து ஜீனோம்களில் ஒரு செய்முறை

வொர்க்கி என்பது தாவரங்களில் மற்ற மரபணுக்களை இயக்கவும் அடக்கவும் செய்யும் புரதங்களின் குடும்பம். புதிதாக வரிசைப்படுத்திய ஒரு தாவரத்தின் புரதக் கோப்பைத் திறந்தால், ‘வொர்க்கி காரணி 40 ஆக இருக்கலாம்’ என்ற ஒரே பெயரோடு நாலைந்து மரபணுக்கள் நிற்கும். அந்த 40, அரபிடாப்சிஸ் என்ற ஆய்வக மாதிரித் தாவரத்திலிருந்து வந்த எண். பிளாஸ்ட் என்ற வரிசை ஒப்பீட்டுத் தேடலில் முதலில் வந்த பொருத்தத்தின் பெயரைத் தானியங்கி நிரல் அப்படியே ஒட்டிவிடுகிறது. அந்தப் பெயரை நம்பி, அரபிடாப்சிஸில் வொர்க்கி40 செய்யும் வேலையைத்தான் இந்த மரபணுவும் செய்யும் என்று பரிசோதனையைத் திட்டமிட்டால் மாதக்கணக்கான உழைப்பு வீணாகும். பெயரை ஒதுக்கிவிட்டு வரிசையிலிருந்தே துணைக்குழுவைக் கண்டுபிடிக்கும் முறை இது. அரபிடாப்சிஸ், நெல், தக்காளி, ஃபிஸ்கோமிட்ரியம் என்ற மாஸ், கிளமிடோமோனாஸ் என்ற ஒருசெல் பச்சைப்பாசி ஆகிய ஐந்தையும் வைத்துச் செய்தோம். டொமைன் (புரதத்தில் தனியாக மடிந்து தனி வேலை செய்யும் பகுதி) அளவு சிறியதாக உள்ள எந்தக் குடும்பத்துக்கும் இதே வழி சிறு மாற்றங்களோடு பொருந்தும்.

குடும்பத்தின் அடையாளம்

வொர்க்கி டொமைன் சுமார் 60 அமினோ அமிலம் நீளமுள்ளது. 1994-இல் சர்க்கரைவள்ளிக்கிழங்கில்தான் இக்குடும்பத்தின் முதல் புரதம் அறியப்பட்டது. டொமைனின் முன்பாதியில் ட்ரிப்டோஃபான், ஆர்ஜினின், லைசின், டைரோசின், கிளைசின், குளுட்டமின், லைசின் என்ற ஏழெழுத்துத் துண்டு இருக்கும். பின்பாதியில் துத்தநாகத்தைப் பிடித்துக்கொள்ளும் விரல். ஏழெழுத்துத் துண்டு டிஎன்ஏவில் டபிள்யூ-பெட்டி எனப்படும் இடத்தைப் பற்றிக்கொள்ளும். விரல் அந்த மடிப்பைக் குலையாமல் நிறுத்தி வைக்கும்.

2000-இல் வந்த பிரிவினைதான் இன்றும் புழக்கத்தில் உள்ளது. முதல் குழுவில் இரண்டு டொமைன்கள். இரண்டாம் குழுவில் ஒன்று. விரலில் இரண்டு சிஸ்டீன், இரண்டு ஹிஸ்டிடின். மூன்றாம் குழுவிலும் ஒன்றுதான், ஆனால் கடைசி ஹிஸ்டிடினின் இடத்தில் சிஸ்டீன். இரண்டாம் குழுவை மேலும் 2ஏ, 2பி, 2சி, 2டி, 2ஈ என்று பிரிப்பார்கள். இந்த இரண்டாம் குழு ஒரே மூதாதையிலிருந்து வந்த கிளை அல்ல என்பதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 2ஏவும் 2பியும் ஒரு கிளை, 2டியும் 2ஈயும் இன்னொரு கிளை. 2சியோ முதல் குழுவின் பின் டொமைனுக்கு நெருங்கிய உறவு. ஆகவே ‘இரண்டாம் குழு’ என்று மட்டும் எழுதி முடித்த அட்டவணை பரிணாமம் பற்றி எதுவும் சொல்லாது. துணைக்குழு வரை போகாமல் நிறுத்துவதில் பயனில்லை.

எத்தனை எதிர்பார்க்கலாம்? அரபிடாப்சிஸில் எழுபதுக்கு மேல், நெல்லில் நூறுக்கு மேல், கிளமிடோமோனாஸில் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றும் இரட்டை டொமைன் கொண்டது. உங்கள் எண்ணிக்கை இவற்றிலிருந்து வெகுவாக விலகினால், உயிரியல் காரணம் தேடுவதற்கு முன் கோப்புகளைச் சந்தேகியுங்கள்.

கோப்புகளைச் சேர்த்தல்

ஒவ்வோர் இனத்துக்கும் மூன்று கோப்புகள் வேண்டும்: ஜீனோம் (முழு டிஎன்ஏ) வரிசை, மரபணுக்கள் அதில் எங்கெங்கே உள்ளன என்று சொல்லும் ஜிஎஃப்எஃப் குறிப்புக் கோப்பு, புரத வரிசைகள் அடங்கிய ஃபாஸ்டா கோப்பு. மூன்றும் ஒரே வெளியீட்டிலிருந்து வர வேண்டும். புரதத்தை ஓரிடத்திலும் ஜிஎஃப்எஃப்பை வேறிடத்திலும் எடுத்தால் பின்னால் இன்ட்ரான் (மரபணுவின் நடுவே வந்து, புரதமாகாமல் வெட்டி நீக்கப்படும் துண்டு) கணக்கு ஒன்றும் பொருந்தாது. நெல்லில் இந்தச் சிக்கல் அதிகம். எல்ஓசி என்று தொடங்கும் எண்களைக் கொண்ட எம்எஸ்யூ குறிப்பு ஒன்று, ஓஎஸ் என்று தொடங்கும் ஆர்ஏபி குறிப்பு மற்றொன்று. நிப்பொன்பாரே என்ற ஒரே நெல் ரகத்தின் ஜீனோமுக்கு இரண்டு தனித்தனிக் குறிப்புகள் இவை. இரண்டும் கலந்த கோப்பில் தேடினால் நெல்லின் வொர்க்கி எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பாகும். பின்னால் வரையும் உறவு மரத்தில் ஒவ்வொரு நெல் மரபணுவும் ‘அண்மையில் இரட்டித்தது’ போலத் தெரியும். ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதிலேயே நில்லுங்கள்.

அடுத்து ஐசோஃபார்ம், அதாவது ஒரே மரபணு தரும் வெவ்வேறு புரத வடிவங்கள். ஒரு மரபணுவுக்கு ஒரு புரதம் என்று குறைக்காவிட்டால் எண்ணிக்கையும் மரமும் வீங்கும். மிக நீளமானதை வைத்துக்கொள்வது பொதுவான வழக்கம். இங்கே அது போதாது. இன்ட்ரான் ஒன்று வெட்டப்படாமல் தங்கிய வடிவம் சில சமயம் நீளமாக இருக்கும், ஆனால் டொமைன் நடுவில் உடைந்திருக்கும். எல்லா ஐசோஃபார்ம்களையும் வைத்துக்கொண்டே முதல் தேடலை நடத்துங்கள். பிறகு ஒவ்வொரு மரபணுவிலும் டொமைன் மதிப்பெண் மிக அதிகமாக உள்ள ஐசோஃபார்மை எடுங்கள். மதிப்பெண் சமமாக இருந்தால் மட்டும் நீளத்தைப் பாருங்கள். எந்தப் புரதம் எந்த மரபணுவுக்கு உரியது என்பதை ஜிஎஃப்எஃப்பிலிருந்தே எடுக்க வேண்டும். பெயரின் பின்னொட்டு எண்ணை வெட்டி ஊகிக்கும் வழி ஒரு இனத்தில் வேலை செய்யும், அடுத்த இனத்தில் கவிழ்க்கும்.

தலைப்பு வரிகளை இப்போதே சீர்படுத்திவிடுங்கள்: இனத்துக்கு நாலெழுத்துச் சுருக்கம், அடிக்கோடு, மரபணு எண். அரைப்புள்ளி, அடைப்புக்குறி, காற்புள்ளி எதுவும் வேண்டாம். மரக் கோப்பின் வடிவத்தில் இவற்றுக்குத் தனிப் பொருள் உண்டு. வரிசையின் கடைசியில் உள்ள நட்சத்திரக் குறியை நீக்குங்கள். நடுவில் நட்சத்திரம் இருந்தால் நீக்காமல் தனிப் பட்டியலில் குறித்து வையுங்கள், அது போலி மரபணுவாகவோ தவறாகக் கணித்த மரபணு மாதிரியாகவோ இருக்கும்.

ஜீனோமின் முழுமையை, எல்லா இனங்களிலும் இருக்க வேண்டிய மரபணுக்கள் உள்ளனவா என்று எண்ணும் புஸ்கோ நிரலில் பார்த்துவிடுவது நல்லது. நிலத்தாவரங்களுக்கான ஓடிபி10 தொகுப்பில் 1,614 மரபணுக்கள் உள்ளன. ‘காணவில்லை’ விகிதம் அதிகமென்றால், ஒரு துணைக்குழு இல்லை என்ற முடிவை அந்த இனத்துக்குச் சொல்லக்கூடாது. ‘இரட்டை’ விகிதம் அதிகமென்றால் ஒரே மரபணுவின் இரு அல்லீல்கள் (மாற்று வடிவங்கள்) தனித்தனி மரபணுக்களாக எண்ணப்படுகின்றனவா என்று பார்க்க வேண்டும். இதற்காகச் சிடி-ஹிட் என்ற, ஒத்த வரிசைகளைச் சேர்த்துச் சுருக்கும் நிரலைப் போட்டு 90 சதவீத ஒற்றுமையில் சுருக்குவதை நாங்கள் ஏற்பதில்லை. மூன்றாம் குழுவில் பக்கத்துப் பக்கத்தில் அண்மையில் இரட்டித்த உண்மையான மரபணுக்களும் அதில் சேர்ந்து காணாமல் போகும்.

தேடல்

ஏழெழுத்துத் துண்டை உரைத்தேடலில் தேடும் வழி வேண்டாம். அரபிடாப்சிஸிலேயே வொர்க்கி50, 51, 59 மூன்றிலும் குளுட்டமின் இருக்க வேண்டிய இடத்தில் லைசின் உள்ளது. நெல்லில் அதே இடத்தில் குளுட்டமிக் அமிலம் உள்ளவையும் உண்டு. நேரடி உரைத்தேடலில் இவை அத்தனையும் தவறிவிடும்.

பிஃபாம் என்ற புரதக் குடும்பத் தரவுத்தளத்தின் வொர்க்கி மாதிரி (டொமைனின் ஒவ்வோர் இடத்திலும் எந்த எழுத்து வரலாம் என்ற புள்ளியியல் வடிவம்), எண் பிஎஃப்03106, இன்டர்ப்ரோ தளத்தில் கிடைக்கும். அதை எடுத்து ஹம்மர் தொகுப்பின் எச்எம்எம்சர்ச் நிரலால் புரதக் கோப்பில் தேடுங்கள். எல்லையாக, மாதிரிக்குள்ளேயே பொதிந்திருக்கும் ஜிஏ என்ற குறைந்தபட்ச பிட் மதிப்பெண்ணைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். ஈ-மதிப்பை (தற்செயலாக எத்தனை பொருத்தங்கள் வரலாம் என்ற கணிப்பை) எல்லையாக வைத்தால் ஒரு சிக்கல் வரும்: அது தரவுத்தளத்தின் அளவைப் பொறுத்து மாறும். 17 ஆயிரம் புரதம் உள்ள பாசியிலும் 40 ஆயிரம் புரதம் உள்ள பயிரிலும் ஒரே ஈ-மதிப்பு ஒரே கண்டிப்பைக் குறிக்காது. பிட் மதிப்பெண் அப்படி மாறாது. எல்லையை வெகுவாகத் தளர்த்தினால் வேறு தொல்லை. ஃபார்1 வகைப் புரதங்களும் மியூட்டேட்டர் வகைத் தாவும் மரபணுக்களின் நொதிகளும் இதே மடிப்பின் தூரத்து உறவுகள். அவை வரிசையாக உள்ளே வரத் தொடங்கும்.

முடிவை டொமைன் அட்டவணையாக எழுதச் சொல்லுங்கள். அதில் 14-ஆம் நெடுவரிசை டொமைன் மதிப்பெண். 16, 17 மாதிரியின் தொடக்கமும் முடிவும். 18, 19 அலைன்மென்ட் (எழுத்துக்கு எழுத்து பொருத்தம்) எல்லைகள். 20, 21 உறை எல்லைகள், அதாவது டொமைன் பரவியிருக்கலாம் என்று நிரல் கணிக்கும் முழு நீளம். டொமைனை வெட்டி எடுக்க உறை எல்லைகள்தான் சரி. அலைன்மென்ட் எல்லையில் வெட்டினால் ஓரத்திலுள்ள கடைசி ஹிஸ்டிடினோ சிஸ்டீனோ வெளியே விடுபடலாம். மூன்றாம் குழுவைப் பிரிக்கும் எழுத்தே அதுதான். பாதுகாப்புக்கு உறையின் இருபுறமும் 5 எச்சம் (அமினோ அமிலம்) கூட்டி வெட்டுகிறோம். ஹம்மரோடு வரும் ஈசல் கருவிகளில் எஸ்ஃபெட்ச் இதற்குப் போதும்: புதுப் பெயர், தொடக்கம், முடிவு, மூலப் பெயர் என்ற நான்கு நெடுவரிசைப் பட்டியல் கொடுத்தால் எல்லாத் துண்டுகளையும் ஒரே ஓட்டத்தில் தரும். இரட்டை டொமைன் புரதங்களில் முன் துண்டுக்கு ‘மு’, பின் துண்டுக்கு ‘பி’ என்ற பொருளில் ஒரு பின்னொட்டு சேர்த்துவிடுங்கள். இந்த இரண்டையும் ஒரே பெயரில் விட்டால் மரம் வரையும் நிரல் நின்றுவிடும்.

போலி முதல் குழு

இரண்டு டொமைன் இருந்தாலே முதல் குழு என்று எழுதிவிடுவதுதான் இந்த வேலையில் மிக அதிகமாக நடக்கும் பிழை. மூன்று வழிகளில் அது தவறாகலாம்.

ஒன்று, டொமைனுக்குள் ஒரு நீண்ட செருகல் இருந்தால் ஹம்மர் ஒரே டொமைனை இரண்டு வரியாக உடைத்துத் தரும். 16, 17-ஆம் நெடுவரிசைகளைப் பார்த்தால் உடனே தெரியும். முதல் வரி மாதிரியின் முன்பாதியை மட்டும் தொடும், இரண்டாவது பின்பாதியை மட்டும். உண்மையான இரண்டு டொமைன் என்றால் ஒவ்வொன்றும் மாதிரியில் ஐந்தில் நான்கு பங்கையாவது தனியாகத் தொட வேண்டும் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, அடுத்தடுத்து உள்ள இரண்டு மரபணுக்களை மரபணுக் கணிப்பு நிரல் ஒன்றாக ஒட்டியிருக்கலாம். மூன்றாம் குழுவில் இது சாதாரணம், காரணம் அங்கே மரபணுக்கள் கொத்தாக அடுத்தடுத்து இருக்கும். கண்டுபிடிக்கும் வழி விரலைப் படிப்பது. சிஸ்டீனைச் சி என்றும் ஹிஸ்டிடினை ஹெச் என்றும் வைத்து, இடையிலுள்ள எச்சங்களின் எண்ணிக்கையை எழுதினால், உண்மையான முதல் குழுவில் முன் டொமைன் சி–4–சி–22–ஹெச்–1–ஹெச் என்று வரும், பின் டொமைன் சி–4–சி–23–ஹெச்–1–ஹெச் என்று வரும். இரண்டு டொமைனுமே சி–7–சி–23–ஹெச்–1–சி என்று வந்தால் அது முதல் குழு அல்ல, ஒட்டிப்போன இரண்டு மூன்றாம் குழு மரபணுக்கள். இரண்டு டொமைனுக்கும் இடையே ஜீனோமில் எவ்வளவு நீள இன்ட்ரான் போடப்பட்டிருக்கிறது என்றும் பாருங்கள். அந்த ஒரு இன்ட்ரான் மட்டும் மற்றவற்றைவிடப் பல மடங்கு நீளமாக இருந்தால் சந்தேகம் உறுதியாகிறது. ஆர்என்ஏ வரிசைத் தரவு இருந்தால், அந்த இடத்தைத் தாண்டும் துண்டு ஒன்றாவது இருக்கிறதா என்று பார்த்து முடித்துவிடலாம்.

மூன்றாவது இதன் மறுபக்கம்: ஒரே டொமைன் இருந்தும் முதல் குழுவாக இருப்பது. அரபிடாப்சிஸ் வொர்க்கி10 அப்படிப்பட்டது. ஒரு டொமைன்தான் உண்டு, ஆனாலும் அது மற்ற முதல் குழுப் புரதங்களின் பின் டொமைன்களோடு சேர்கிறது. டொமைன் எண்ணிக்கையை மட்டும் பார்த்து விதி எழுதினால் இது 2சியில் போய் விழும்.

அலைன்மென்டும் மரமும்

வெட்டிய துண்டுகள் ஐந்து இனங்களுக்கும் சேர்த்துச் சில நூறு வரும். அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தி அடுக்க மாஃப்ட் நிரலில் குளோபல்பேர் முறை, 1,000 சுற்றுத் திருத்தம். துண்டுகள் எல்லாம் முனையோடு முனை ஒத்தவை என்பதால் இங்கே லோக்கல்பேரைவிட இது சுத்தமாக வருகிறது. முடிந்ததும் கண்ணால் பாருங்கள். ட்ரிப்டோஃபான் ஒரே நெடுவரிசையில் நிற்கிறதா, நான்கு துத்தநாகப் பிடிப்புகளும் தத்தம் நெடுவரிசையில் நிற்கின்றனவா? முதல் இரண்டு சிஸ்டீன்களுக்கு நடுவே 4, 5, 7 என்ற நீள வேறுபாடு இடைவெளிகளாகத் தெரிய வேண்டும். ஏதேனும் வரிசையில் சிஸ்டீன் ஓரிடம் நகர்ந்து நின்றால் கையால் நகர்த்துங்கள். 60 நெடுவரிசை உள்ள அலைன்மென்டில் ஒரு நெடுவரிசைப் பிழைகூட மரத்தில் தெரியும்.

ட்ரிமால் போன்ற நிரலால் நறுக்குவது இங்கே நன்மையைவிடக் கேடு. இருப்பதே 60 நெடுவரிசை. அதில் இடைவெளி அதிகமுள்ளவற்றை நறுக்கினால், மூன்றாம் குழுவின் கூடுதல் எச்சங்கள் முதலில் போகும். மாதிரியின் எல்லைக்கு வெளியே கூட்டிய 5 எச்ச ஓரங்களை மட்டும் நீக்குங்கள்.

மரம் வரைய ஐக்யூ-ட்ரீ நிரல். மாடல் தேர்வை நிரலுக்கே விட்டுவிட்டு, கிளைகளின் நம்பகத்தை அளக்கும் அல்ட்ராஃபாஸ்ட் பூட்ஸ்ட்ராப் 1,000, எஸ்எச்-ஏஎல்ஆர்டி 1,000 இரண்டையும் கேளுங்கள். மாடல் பொருந்தாதபோது பூட்ஸ்ட்ராப் ஊதிப்போவதைக் குறைக்கும் பிஎன்என்ஐ விருப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு கிளையை நம்ப, எஸ்எச்-ஏஎல்ஆர்டி 80-உம் பூட்ஸ்ட்ராப் 95-உம் தாண்ட வேண்டும் என்பது அந்த நிரலின் வழக்கமான அளவுகோல். இதே அலைன்மென்டை வெவ்வேறு தொடக்க விதைகளோடு பத்து முறை ஓட்டி, மிக அதிக லைக்லிஹுட் (தரவோடு பொருந்தும் அளவு) உள்ள மரத்தை எடுங்கள். தகவல் குறைவு, கிளைகள் ஏராளம் என்ற நிலையில் ஒரே ஓட்டம் அருகிலுள்ள ஏதோ ஒரு குன்றில் ஏறி நின்றுவிடும்.

வரும் மரத்தில் துணைக்குழுக்கள் தெளிவாகத் தெரியும்: மூன்றாம் குழு ஒரு கொத்து, 2ஏவும் 2பியும் அருகருகே, 2டியும் 2ஈயும் அருகருகே, முதல் குழுவின் முன் டொமைன்கள் தனிக் கொத்து. இந்தக் கொத்துகளுக்கு உள்ளேயும், கொத்துகளை இணைக்கும் ஆழமான முடிச்சுகளிலும் ஆதரவு எண்கள் சரிந்துபோகும். அது உங்கள் ஓட்டத்தின் குறை அல்ல. 60 எழுத்தில் அவ்வளவுதான் செய்தி இருக்கிறது. எனவே இந்த மரத்திடம் ஒரே கேள்வி கேளுங்கள்: எந்தத் துணைக்குழு? எது எதன் ஆர்த்தோலாக் (இனங்கள் பிரிந்தபோது பிரிந்த, ஒரே மூதாதை மரபணுவின் வாரிசு) என்று இதனிடம் கேட்கக்கூடாது. மரத்துக்கு வேரும் வைக்க வேண்டாம். தூரத்து உறவான புரதங்களை வேராகச் சேர்த்தால் நீண்ட கிளைகள் ஒன்றையொன்று இழுத்து, வேகமாக மாறிய மூன்றாம் குழுவை அடியில் கொண்டுபோய் ஒட்டிவிடும்.

துணைக்குழுவின் பெயரை எதை வைத்து எழுதுவது? அரபிடாப்சிஸின் அறியப்பட்ட உறுப்பினர்களே அடையாளக் கற்கள். 18, 40, 60 மூன்றும் 2ஏ. 6, 31, 42 ஆகியவை 2பி. 7, 11, 15, 17 ஆகியவை 2டி. 22, 27, 29 ஆகியவை 2ஈ. 30, 46, 53, 54, 70 ஆகியவை மூன்றாம் குழு. ஆதரவுள்ள கொத்துக்குள் இவை இருந்தால்தான் அந்தப் பெயர். கொத்துக்குச் சற்று வெளியே நிற்பவற்றுக்கு இப்போதைக்குக் கேள்விக்குறி.

விரலும் இன்ட்ரானும்

மரத்தின் சாட்சியம் ஒன்று. அதோடு சேராத இன்னும் இரண்டு சாட்சிகள் உண்டு.

விரலின் இடைவெளி எண்களை ஒரு சிறு நிரலால் எல்லா டொமைன்களுக்கும் எழுதிவிடலாம். 2ஏ, 2பி, 2டி, 2ஈ நான்கிலும் சி–5–சி–23–ஹெச்–1–ஹெச், 2சியில் சி–4–சி–23–ஹெச்–1–ஹெச். இது மரத்திலேயே அடங்கிய தகவல்தானே என்று தோன்றும். அடங்கவில்லை. மரம் வரையும் நிரல் இடைவெளியை ‘தகவல் இல்லை’ என்றே எடுத்துக்கொள்கிறது. 4-க்கும் 5-க்கும் உள்ள வேறுபாடு லைக்லிஹுட் கணக்கில் சேர்வதே இல்லை. அதனால் இது மரத்துக்கு வெளியே நிற்கும் சாட்சியாகப் பயன்படுகிறது.

இன்ட்ரான் அதைவிட வலுவானது. வொர்க்கி டொமைனுக்குள்ளேயே ஒரு இன்ட்ரான் இருக்கும், அதன் இடம் இரண்டே வகை. ஆர் வகை, முதல் சிஸ்டீனுக்கு ஐந்து எச்சம் முன்னே உள்ள ஆர்ஜினினின் கோடானை (ஒரு அமினோ அமிலத்துக்கான மூன்றெழுத்தை) வெட்டிக்கொண்டு, ஃபேஸ் 2-இல், அதாவது அதன் இரண்டாம் எழுத்துக்குப் பின் இருக்கும். வி வகை, இரண்டாம் சிஸ்டீனுக்குப் பின் ஆறாவதாக வரும் வேலினுக்குச் சற்று முன், ஃபேஸ் 0-இல், அதாவது இரண்டு கோடான்களுக்கு நடுவே இருக்கும். வி வகை 2ஏ, 2பி இரண்டில் மட்டும். ஆர் வகை முதல் குழுவின் பின் டொமைன், 2சி, 2டி, 2ஈ, மூன்றாம் குழு ஆகியவற்றில். முதல் குழுவின் முன் டொமைனுக்குள் பொதுவாக இன்ட்ரான் இருக்காது.

கணக்கு இப்படி. ஜிஎஃப்எஃப்பிலிருந்து ஒரு மரபணுவின் சிடிஎஸ் (புரதமாக மாறும் பகுதி) வரிகளை எடுங்கள். கூட்டல் இழையானால் ஏறுவரிசை, கழித்தல் இழையானால் இறங்குவரிசை. ஒவ்வொரு சிடிஎஸ் துண்டின் நீளத்தையும் கூட்டிக்கொண்டே வாருங்கள். கூட்டுத்தொகையை 3-ஆல் வகுத்தால் மீதிதான் இன்ட்ரானின் ஃபேஸ். ஈவோடு ஒன்று கூட்டினால் அந்த இடத்தில் உள்ள, அல்லது அதற்கு அடுத்து வரும், எச்சத்தின் எண். எடுத்துக்காட்டாகக் கூட்டுத்தொகை 551 என்றால் ஈவு 183, மீதி 2. ஆகவே 184-ஆம் எச்சத்தின் கோடான் இரண்டாம் எழுத்துக்குப் பின் வெட்டப்படுகிறது. அந்த 184 ஆர்ஜினினாகவும், முதல் சிஸ்டீன் 189-ஆகவும் இருந்தால் ஆர் வகை என்பது உறுதி.

ஜிஎஃப்எஃப்பின் எட்டாவது நெடுவரிசையிலும் ‘ஃபேஸ்’ என்று ஒரு எண் இருக்கும். அதை இன்ட்ரான் ஃபேஸாக எடுத்துவிடாதீர்கள். அது, அடுத்த கோடானுக்குப் போக அந்தத் துண்டின் தொடக்கத்தில் எத்தனை எழுத்தை விட வேண்டும் என்பதைச் சொல்கிறது. ஆகவே இன்ட்ரான் ஃபேஸ் 2 என்றால் அங்கே 1 இருக்கும், ஃபேஸ் 1 என்றால் 2 இருக்கும். 0 மட்டும் இரண்டிலும் 0. வி வகை சரியாக வந்து ஆர் வகை மட்டும் எல்லாமே தவறாக வந்தால் காரணம் இதுதான்.

பாதி டொமைன்கள்

டொமைனுக்குள் இன்ட்ரான் இருப்பதால் ஒரு குறிப்பிட்ட வகைப் பிழை திரும்பத் திரும்ப வரும். எக்ஸான் (இன்ட்ரான்களுக்கு இடைப்பட்ட, வெட்டப்படாமல் தங்கும் துண்டு) ஒன்றைக் கணிப்பு நிரல் தவறவிட்டால், ஏழெழுத்துத் துண்டு இருக்கும், விரல் இருக்காது; அல்லது விரல் மட்டும் இருக்கும். ஆர் இன்ட்ரான் இடத்தில் துல்லியமாக வெட்டுண்டு நிற்கும் டொமைன் ஒன்றைப் பார்த்தால், ‘விரலை இழந்த புதுவகை வொர்க்கி’ என்று அறிவிக்க அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் அது குறிப்புப் பிழை.

சரிபார்க்க, அந்த மரபணுவின் இருபுறமும் 10,000 எழுத்துகள் சேர்த்து ஜீனோமிலிருந்து வெட்டி, அதே துணைக்குழுவின் ஐந்தாறு முழுமையான புரதங்களை மினிப்ராட் நிரலால் அதன்மேல் பொருத்துங்கள். எக்ஸான் எல்லைகளோடு பொருத்தம் வரும்; சட்டமாற்றமோ இடைநிறுத்தக் கோடானோ இருந்தால் அதையும் சொல்லும். முழு டொமைனும் தடையின்றிப் பொருந்தினால் மரபணு மாதிரியைத் திருத்தி, பெயரில் ‘திருத்தியது’ என்ற குறியோடு தொகுப்பில் சேருங்கள். நிறுத்தக் கோடான் வந்தால் போலி மரபணு. மரத்தில் சேர்க்காமல் பட்டியலில் வைத்திருங்கள். பொருத்தம் வரிசையில் எழுத்துத் தெரியாத இடைவெளியில் போய் முட்டினால், அசெம்பிளி முழுமையடையவில்லை என்று அர்த்தம். அங்கே முடிவு சொல்ல முடியாது. முதல் குழுவில் முன் டொமைன் காணாமல் போனவற்றுக்கும் இதையே செய்யுங்கள். தொடக்கத்து எக்ஸானைத் தவறவிட்டதால் ஒற்றை டொமைனாகத் தெரிபவையும், அரபிடாப்சிஸ் வொர்க்கி10 போல உண்மையாகவே ஒற்றை டொமைனோடு இருப்பவையும் இந்த இடத்தில்தான் பிரியும்.

சாட்சிகள் மோதும்போது

பெரும்பாலான மரபணுக்களில் மூன்றும் ஒத்துப்போகும்; அவற்றில் நேரம் செலவிட வேண்டியதில்லை. மரம் 2பி என்கிறது, இன்ட்ரான் ஆர் வகை என்கிறது என்றால் இன்ட்ரானை நம்புவோம். ஒரு எழுத்து மாற ஒரு திடீர்மாற்றம் போதும். இன்ட்ரான் ஓரிடத்தில் மறைந்து வேறிடத்தில் அதே ஃபேஸில் முளைப்பது மிக அரிது. ஆனால் இன்ட்ரானே இல்லை என்பது எதற்கும் சாட்சியம் ஆகாது, இன்ட்ரான் இழப்பு நடக்கக்கூடியதே. விரல் எண் மட்டும் வேறாக இருந்து மற்ற இரண்டும் ஒத்தால், அலைன்மென்டைத் திறந்து பாருங்கள். நிரல் பக்கத்திலுள்ள வேறொரு சிஸ்டீனை எண்ணியிருக்கும்.

2சிக்கும் முதல் குழுவின் பின் டொமைனுக்கும் இடையில்தான் இந்த மூன்றும் கைவிட்டுவிடுகின்றன. விரல் ஒன்றே, இன்ட்ரான் ஒன்றே, மரத்தில் எல்லை மங்கல். அங்கே டொமைனுக்கு வெளியே தேட வேண்டும். மற்ற துணைக்குழுக்களில் டொமைனுக்கு வெளியே உள்ள அடையாளங்கள் உறுதிக்கு உதவும்: 2ஏ, 2பி இரண்டிலும் முன்பகுதியில் லியூசின் ஸிப்பர், 2டியில் தாவரத் துத்தநாகக் கொத்து எனப்படும் தனி டொமைன், பிஃபாமில் பிஎஃப்10533. பின்னது இருந்தால் 2டி என்பதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

இணைப்புப் புரதங்களைத் தனியே கவனியுங்கள். அரபிடாப்சிஸ் வொர்க்கி16, 19, 52 மூன்றும் நோய் எதிர்ப்புப் புரதங்களின் என்பிஎஸ்-எல்ஆர்ஆர் பகுதியோடு இணைந்தவை. டொமைனை மட்டும் வெட்டி வரைந்த மரத்தில் இவற்றால் தொல்லையில்லை. முழுநீளப் புரதத்தை எடுத்து ஆர்த்தோஃபைண்டர் போன்ற நிரலில் போட்டால், வொர்க்கி பகுதியைவிடப் பல மடங்கு நீளமான எல்ஆர்ஆர் பகுதி வென்று, இவை நோய் எதிர்ப்புக் குடும்பத்தில் போய்ச் சேரும்.

துணைக்குழுவுக்கு ஒரு மாதிரி

ஐந்து இனங்களும் சரிபார்த்து முடிந்தபின், ஒவ்வொரு துணைக்குழுவின் அலைன்மென்டையும் தனித்தனியே எச்எம்எம்பில்ட் நிரலுக்குக் கொடுத்து மாதிரி கட்டுங்கள். முதல் குழுவின் முன், பின் டொமைன்களுக்குத் தனி மாதிரிகள். எல்லாவற்றையும் எச்எம்எம்பிரஸ் கொண்டு ஒரே தொகுப்பாக்கினால், ஆறாவது இனம் வரும்போது மரம் வரையாமலே முதற்கட்டப் பிரிவினை கிடைக்கும்.

இதில் பார்க்க வேண்டியது முதல் மாதிரியின் மதிப்பெண் அல்ல, முதலுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள வித்தியாசம். எட்டு மாதிரிகளும் எந்த வொர்க்கி டொமைனுக்கும் நல்ல மதிப்பெண்ணே கொடுக்கும். பிட் என்பது இரண்டின் அடுக்கு. 5 பிட் வித்தியாசம் என்றால் சாதகம் 32 மடங்கு. அதற்குக் குறைவாக வந்தவற்றை மரத்துக்கு அனுப்புகிறோம். இந்த எல்லை உங்கள் தொகுப்புக்குப் பொருந்துகிறதா என்று அறிய, ஒவ்வொரு இனத்தையும் மாறிமாறி வெளியே வைத்து, மற்ற நான்கால் கட்டிய மாதிரிகளால் அதை வகைப்படுத்திப் பாருங்கள். இந்தச் சோதனையைத் தனி வரிசைகளை வெளியே வைத்துச் செய்தால் முடிவு பொய்யாக நன்றாக வரும். வெளியே வைத்த வரிசையின் இரட்டைச் சகோதரி மாதிரிக்குள்ளேயே இருப்பாள்.

துணைக்குழுவுக்குள் ஆர்த்தோலாக்

இப்போதுதான் முழுநீளப் புரதத்துக்கு வேலை. ஒரு துணைக்குழுவை மட்டும் எடுத்து, மாஃப்ட்டின் ஜென்அஃப்பேர் முறையில் சீரமையுங்கள். பாதுகாக்கப்பட்ட பகுதிகள் தீவுகள்போலவும் நடுவே ஒழுங்கற்ற நீளங்களும் இருக்கும் புரதங்களுக்கு அந்த முறைதான் ஏற்றது. இங்கே ட்ரிமால் பயன்படும். வரும் மரத்தை இனங்களின் மரத்தோடு ஜீன்ராக்ஸ் அல்லது நோட்டங் வழியாகப் பொருத்தினால், எந்த முடிச்சு இனப்பிரிவு, எது இரட்டிப்பு என்று பிரியும்.

2ஏயை எடுத்துக்கொள்ளுங்கள். அரபிடாப்சிஸில் 18, 40, 60 என்று மூன்று. நெல்லில் 28, 62, 71, 76 என்று நான்கு. ஒருவழிப் பிளாஸ்ட் தேடலில் நான்கு நெல் மரபணுக்களுக்கும் மேலே ஏதோ ஒரு அரபிடாப்சிஸ் பெயர் வரத்தான் செய்யும். இருவழிச் சிறந்த பொருத்தம் பார்த்தால் அதிகபட்சம் மூன்று இணைகள் கிடைக்கும், நான்காவது நெல் மரபணு அனாதையாகும். அரபிடாப்சிஸின் பாதையிலும் நெல்லின் பாதையிலும் முழு ஜீனோம் இரட்டிப்புகள் தனித்தனியே நடந்திருக்கின்றன. தக்காளியின் பாதையில் மும்மடங்காதலும் உண்டு. ஆகவே இவ்வளவு தூரத்து இனங்களுக்கிடையே ஒன்றுக்கு ஒன்று என்ற இணை விதிவிலக்கு. பல மரபணுக்கள் சேர்ந்து பல மரபணுக்களுக்கு ஆர்த்தோலாக் என்று எழுதுவதே நேர்மை. நெருங்கிய இனங்களானால், பக்கத்து மரபணுக்களின் வரிசை ஒத்திருக்கிறதா என்று எம்சிஸ்கேன்எக்ஸ் கொண்டு பார்ப்பது, மரம் தடுமாறும் இடத்தில் தீர்ப்புச் சொல்லும். நெல்லுக்கும் அரபிடாப்சிஸுக்கும் இடையே அந்த வரிசை பெரும்பாலும் குலைந்துவிட்டது. அங்கே அதை எதிர்பார்க்க வேண்டாம்.

இறுதி அட்டவணையில் மரபணு எண், வெளியீட்டின் பெயரும் பதிப்பும், டொமைன் எண்ணிக்கை, ஏழெழுத்துத் துண்டு, விரல் எண்கள், இன்ட்ரான் வகையும் ஃபேஸும், மரம் சொன்ன துணைக்குழுவும் ஆதரவும், மாதிரிகளின் பிட் வித்தியாசம், மரபணு மாதிரி திருத்தப்பட்டதா என்ற குறி, முடிவான துணைக்குழு ஆகியவை தனித்தனி நெடுவரிசைகளாக இருக்கட்டும். முடிவை மட்டும் வைத்துக்கொண்டு சாட்சிகளை விட்டுவிட்டால், புதிய குறிப்பு வெளியாகி மரபணு மாதிரிகள் மாறும்போது எந்த முடிவுகள் ஆட்டம் காண்கின்றன என்று தெரியாமல் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட்ட வேண்டியிருக்கும். நெடுவரிசைகள் இருந்தால், புதுக் கோப்பில் விரல் எண்ணோ இன்ட்ரான் வகையோ மாறிய வரிகளை மட்டும் வடிகட்டி எடுத்து, அவற்றை மறுபடி பார்த்தால் போதும்.